22-க்கு 22: ஆர்சனல் பெண்களின் 2006-07

ஆர்சனல் என்றாலே நம்ம பசங்களுக்கு 2003-04 சீசன்தான். 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே கிடையாது. 'இன்வின்சிபிள்ஸ்' என்று பட்டப்பெயர் வேறு. ஹாஸ்டலில் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆனால் அதே கிளப்பில் மூன்று வருடம் கழித்து ஒரு டீம் டிராகூட இல்லாமல் லீக்கை முடித்தது என்று சொன்னால், "எந்த டீம்டா அது?" என்று கேட்கிறார்கள்.

பெண்கள் டீம். 2006-07 சீசன். 22 ஆட்டம், 22 வெற்றி. அடித்த கோல் 119, வாங்கியது 10. லீக் மட்டுமில்லை, எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை என்று நான்கையும் அதே சீசனில் தூக்கினார்கள்.

இவ்வளவு செய்தவர்கள் முழுநேர ஆட்டக்காரர்கள் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். 1987-ல் அந்த டீமை ஆரம்பித்து அதுவரை நடத்தி வந்த மேனேஜர் விக் ஏக்கர்ஸுக்கே வேறு வேலை இருந்தது. வெங்கரின் ஆண்கள் டீமுக்கு ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் எடுத்து வைக்கும் 'கிட் மேன்' அவர்தான்! ரைட் பேக் அலெக்ஸ் ஸ்காட் கிளப்பின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆண்கள் கழற்றிப்போட்ட ஜெர்சிகளைத் துவைத்ததைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி.

முழுநேரச் சம்பளம் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஃபுல்ஹாம் கிளப்பின் முதலாளி முகமது அல் ஃபாயத் 2000-ல் தன் பெண்கள் டீமை முழுநேரத் தொழில்முறை அணியாக மாற்றினார். ஐரோப்பாவிலேயே அதுதான் முதல். 2002-03 சீசனில் அவர்கள் லீக், எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் ஜெயித்தார்கள். அதே 2003-ல் டீம் மறுபடியும் பகுதிநேரம் ஆனது. 2006-ல் கிளப் கையைக் கழுவிவிட்டது. மைதானத்தில் ஒரு குறையும் இல்லை. டிக்கெட் வசூலில் சம்பளம் கொடுக்க முடியாத ஆட்டம் அது. பணம் முழுக்க ஆண்கள் பக்கத்திலிருந்து வரவேண்டும். அமெரிக்காவில் தனியாக நடந்த பெண்கள் லீக்கும் மூன்றே சீசனில், 2003-ல் படுத்துவிட்டது. அங்கே ஆடிக்கொண்டிருந்த கெல்லி ஸ்மித் பிறகு ஆர்சனலுக்குத் திரும்பினார். (அவர் ஆட்டத்தை வீடியோவில் தேடிப் பாருங்கள். இடது காலா அது!)

சரி, சீசனுக்கு வருவோம். மார்ச் 2007-ல் லீட்ஸை 1-0 என்று வென்று லீக் கோப்பை. இதைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த மாதம் நடந்ததுதான் விஷயம்.

யூஃபா பெண்கள் கோப்பை இறுதியில் எதிரணி ஸ்வீடனின் உமேயா. அதற்கு முன்பே இரண்டு முறை கோப்பையை வென்றவர்கள். அவர்கள் பக்கம் ஆடியது மார்த்தா, 2006-ன் உலகின் சிறந்த வீராங்கனை என்று ஃபிஃபா தேர்ந்தெடுத்த அதே மார்த்தா. ஆர்சனலுக்கோ கெல்லி ஸ்மித் கிடையாது; அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி, இறுதியின் இரண்டு ஆட்டமும் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஏப்ரல் 21, முதல் ஆட்டம் ஸ்வீடனில். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு ஷாட், கோல்! அடித்தது அலெக்ஸ் ஸ்காட். ஆமாம், அந்தச் சலவைக்கூடத்து அலெக்ஸ் ஸ்காட்தான். எட்டு நாள் கழித்து போரம்வுட்டின் சின்ன மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். உமேயா தாக்கிக்கொண்டே இருந்தது, கோல்கீப்பர் எம்மா பர்ன் ஒன்றையும் விடவில்லை. 0-0. கோப்பை லண்டனுக்கு. முதல்முறையாக ஒரு இங்கிலாந்து டீம் அதை வென்றது. அடுத்த முறை ஒரு இங்கிலாந்து டீம் அந்தக் கோப்பையைத் தொட 18 வருடம் ஆனது. 2025-ல் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று வென்றபோது அதுவும் ஆர்சனல்தான். ஆனால் இந்த முறை எல்லோரும் முழுநேர ஆட்டக்காரர்கள்.

மே 7, 2007. எஃப்.ஏ. கோப்பை இறுதி, நாட்டிங்ஹாமில், சார்ல்டனோடு. 24,529 பேர் வந்தார்கள். பெண்களை 1921-ல் தன் மைதானங்களிலிருந்து விரட்டி, ஐம்பது வருடம் தடை போட்டிருந்த நாட்டில் இது சாதாரணக் கூட்டம் இல்லை. ஆரம்பத்திலேயே சார்ல்டன் ஒரு கோல் போட்டு எல்லோரையும் திகைக்க வைத்தது. பிறகு ஸ்மித் இரண்டு, கேப்டன் ஜேன் லட்லோ இரண்டு. 4-1.

ஜெயித்தவர்கள் கதை அங்கே முடிந்தது. தோற்றவர்கள் கதை முடியவில்லை. அதே மே மாதம் சார்ல்டன் ஆண்கள் டீம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. வருமானம் குறையும், செலவைக் குறைக்க வேண்டும். ஜூனில் கிளப் பெண்கள் டீமை மூடியது. நாட்டின் இரண்டாவது பெரிய கோப்பைப் போட்டியாளர்கள் இல்லை அவர்கள், மிகப் பெரிய கோப்பையின் இறுதி வரை வந்தவர்கள். அத்தனை பேர் முன்னால் ஆடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிறகு வேறு இடத்தில் ஆதரவு கிடைத்து சார்ல்டன் பெண்கள் டீம் மறுபடியும் எழுந்தது. ஆனால் அதற்குள் நல்ல வீராங்கனைகள் பலர் வேறு கிளப் தேடிப் போய்விட்டிருந்தார்கள்.