டிக்கெட் எந்தத் தேதி?

1966இல் துபாயில் இரண்டு பழக்கங்கள் முடிவுக்கு வந்தன. வளைகுடாவுக்கென்றே 1959 முதல் இந்திய ரிசர்வ் வங்கி அச்சடித்து வந்த ரூபாய், அவ்வாண்டு ஜூனில் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்ததும் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. ரூபாய் போன கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் எழுபதுகளில் போய் இறங்கிய சபுராளிகளின் அன்றாடத்தில் அதிகம் குறுக்கிட்டது சாலை மாறியதுதான். ஊரில் அம்பாசடர் ஓட்டிய கை அங்கே செல்லாக் காசு. இந்திய லைசென்ஸைக் காட்டி மாற்றிக்கொள்ள முடியாது. பிரிட்டிஷ்காரருக்கு அது முடியும். நம்மவர் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி, முதலிலிருந்து கற்று, தேர்வில் தோற்று, மறுபடி பணம் கட்டவேண்டும். முன்பெல்லாம் அதற்கும் முன்னால் கம்பெனியிடம் ஆட்சேபமில்லைக் கடிதம் வாங்கவேண்டியிருந்தது. நாள் முழுக்கச் சாரத்தில் நிற்பவனுக்குக் கார் எதற்கு என்று முதலாளி கேட்டால் பதில் சொல்லவும் வேண்டும்.

ஆகவே வளைகுடாவில் பழைய கார் வாங்கிய வரலாறு, யாருக்கு ஓட்ட அனுமதி இருந்தது என்ற வரலாறும்தான். குவைத் இதை ஒளிக்காமலே சொன்னது: 2014 முதல் அங்கே வெளிநாட்டவர் லைசென்ஸ் கேட்டால் 600 தினார் சம்பளம், பட்டம், இரண்டாண்டு வசிப்பு மூன்றும் வேண்டும். துபாயில் அப்படி ஒரே வரியில் எழுதி வைக்கவில்லை. ஆனால் எட்டுப் பேர் தங்கும் அறையில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவரோ இருவரோதான்.

சத்வாவை அறிந்தவர்களுக்கு அந்த அறை தெரியும். ஜுமைராவின் மாளிகைகளுக்கும், 1979இல் உலக வர்த்தக மையம் எழுந்த ஷேக் சாயித் சாலைக்கும் நடுவே, அரசு தன் குடிமக்களுக்குக் கட்டித் தந்த தாழ்ந்த வீடுகள். குடிமக்கள் பெரிய வீடுகளுக்குப் போனபின் இவை வாடகைக்கு வந்தன. பலகைத் தடுப்புகள் முளைத்தன, தடுப்புக்குள் கட்டில்கள், கட்டில்மேல் கட்டில்கள். வெளியே தெருவில் தையற்கடை, செடிக்கடை, ஊறுகாய் விற்கும் மளிகை. இவற்றோடு வரிசையாகக் கார் அலங்காரக் கடைகள்: சீட்டுக்கு உறை தைப்பவர்கள், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுபவர்கள், பாட்டுப்பெட்டி பொருத்துபவர்கள். (தாளின் கறுப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வெகுகாலம் இருந்தது. 2017இல் 50 ஆக்கினார்கள். வெயிலில் நிறுத்தும் எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.)

ஷோரூம்கள் வேறிடங்களில் இருந்தன. ஷார்ஜாவின் அபு ஷகாராவில், குடியிருப்புக் கட்டடங்களின் கீழேயே நூற்றுக்கணக்கில் கார்கள் நிற்கும். அங்கே குடியிருப்பவருக்குத் தன் காரை நிறுத்த இடம் கிடைக்காது. 2010களின் நடுவில் அவற்றை ஊருக்கு வெளியே சூக் அல் ஹராஜ் என்ற புதிய வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். துபாயில் ராஸ் அல் கோர், நம்மவர் வாயில் அல் அவீர். சத்வாவிலிருந்து போகிறவர் விடுமுறை நாளில், வண்டி பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போவார். அதே வட்டாரத்தில் 2000இல் ‘டுகாம்ஸ்’ என்ற தடையற்ற வணிக வளாகம் ஒன்றும் தொடங்கியது. ஜப்பானின் பழைய கார்கள், ஸ்டியரிங் வலப்பக்கமே உள்ளவை, அங்கே இறங்கி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் போகும். ஊர்ப் பழக்கத்தில் ஓட்டத் தெரிந்த வண்டிகள் கண்ணெதிரே வரிசையாய் நின்றன, அந்தச் சாலையில் ஓட்ட முடியாதவையாக.

கையில் குறைந்த பணம் உள்ளவருக்கு வங்கி உதவாது. சம்பளம் அந்த வங்கிக்கே வரவேண்டும், கம்பெனி அவர்கள் பட்டியலில் இருக்கவேண்டும். 2011இல் மத்திய வங்கி, கார்க் கடன் வண்டி மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 60 மாதத்தில் அடைக்கவேண்டும் என்று விதித்தது. இந்த விதியின் நன்மை தீமையெல்லாம் கடன் கிடைப்பவர்களுக்கு. மற்றவர்களுக்குச் சீட்டுதான். அறையில் பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முதல் குலுக்கலை வண்டி வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். சில வேளை மூன்று பேர் பங்கு போட்டு ஒரு நிசான் சன்னி வாங்குவார்கள். முல்கியா, அதாவது வண்டியின் பதிவு அட்டை, லைசென்ஸ் உள்ளவர் பெயரில். கேமரா பிடிக்கும் அபராதமும் அவர் பெயரில். மற்ற இருவரிடம் அந்த வண்டியில் தங்களுக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஒரு தாளும் இராது.

போட்ட காசை எடுக்க வழி ஒன்று உண்டு. காலையில் ஜெபல் அலிக்கோ ஷார்ஜாவுக்கோ நான்கு பேரை மாத வாடகைக்கு ஏற்றிச் செல்வது. இதற்குக் ‘கார் லிஃப்ட்’ என்று பெயர். சட்டப்படி குற்றம். ஏறுகிறவர்களுக்கு, யாராவது நிறுத்திக் கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லச் சொல்லியிருப்பார்கள். ஒரு மலையாளி, ஒரு பிலிப்பினோ, இரண்டு தமிழர் என்ற சொந்தம் எந்தப் போலீஸ்காரருக்கும் புரியும்.

இனி, விற்பவர். அங்கே பழைய கார் விற்பவர்களில் பலர் ஊருக்குப் போகிறவர்கள். சத்வா மளிகைக் கடைகளின் கண்ணாடியில் கட்டில் காலி, ஃபிரிட்ஜ் விற்பனைக்கு என்ற துண்டுச் சீட்டுகளோடு காரும் ஒட்டப்பட்டிருக்கும். விசா கேன்சல் ஆனால் பெரும்பாலோருக்கு 2022 வரை கையில் இருந்தது 30 நாள். அதற்குள் கடன் இருந்தால் அடைத்து, வங்கியின் பிடியை நீக்கி, அபராதங்களைக் கட்டி, பெயர் மாற்றித் தரவேண்டும். துண்டுச் சீட்டில் ஆள் வராவிட்டால் ஷோரூமுக்குத்தான் போகவேண்டும். அங்கே இருக்கும் வியாபாரி, பாகிஸ்தானியோ ஈரானியோ மலையாளியோ, பானட்டைத் திறப்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்று: “பாய், டிக்கெட் எந்தத் தேதி?” கிலோமீட்டரைவிட விலையைத் தீர்மானிப்பது அந்தத் தேதி. அடுத்த மாதம் என்றால் ஒரு விலை. வெள்ளிக்கிழமை என்றால் வேறொரு விலை. அந்த வித்தியாசத்தில்தான் ஷோரூமின் லாபம் இருக்கிறது, வாங்குகிறவருக்குக் கிடைக்கும் மலிவும் இருக்கிறது. அல் அவீரில் மலிவாகக் கிடைத்தது என்று அறைக்கு வந்து பெருமை பேசும்போது அந்த மலிவை யார் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

2008 கடைசியில் அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில்தான் சத்வாவின் பெரும்பகுதியை இடித்து ஜுமைரா கார்டன் சிட்டி என்ற நகரம் எழுப்பப்போவதாக அறிவித்திருந்தார்கள். மதிப்பு 350 பில்லியன் திர்ஹாம். வீடுகள் காலியாகத் தொடங்கின. உலக நெருக்கடி வந்ததும் திட்டம் நின்றது. இடித்தது இடித்தபடி கிடந்தது. வேலையும் போயிற்று. விமான நிலையத்தில் 3,000 கார்கள் சாவியோடு கைவிடப்பட்டதாக லண்டன் பத்திரிகைகள் எழுத, துபாய் போலீஸ் அதை மறுத்தது. எண்ணிக்கை பற்றிய அந்தச் சண்டை எனக்கு முக்கியமாகப் படவில்லை. காரை விட்டுவிட்டு ஓட என்ன காரணம் என்பதுதான் கேள்வி. கடன் வாங்கியவர் வங்கியிடம் முன்கூட்டியே கையெழுத்திட்ட காசோலை கொடுத்திருப்பார். அது திரும்பினால், 1987ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி சிறைக்குப் போகலாம். 2022 ஜனவரியில்தான் கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்கிலிருந்து விலக்கப்பட்டது. அதுவரை அந்தத் தாளுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் ஏராளம். ரொக்கத்தில் பழைய சன்னி வாங்கிய அறைக்காரருக்கு அந்தப் பயமில்லை. வங்கி அவரை மதிக்காததில் கிடைத்த ஒரே லாபம் அது.

2020இல் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போயிற்று. மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் பறந்தன. பட்டியலில் பெயர் இருந்து தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தால் கிளம்பவேண்டும். காரை நண்பரிடம் விட்டு, விற்கும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வாங்கத்தான் அப்போது ஆளில்லை.

2024 ஏப்ரல் 16 அன்று பெய்தது அமீரகத்தில் 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணாத மழை. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர். நிலத்தடி நிறுத்தங்களில் கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிய வண்டிகளில் சில கழுவி, உலர்த்தி, மெருகேற்றி மறுபடி சந்தைக்கு வந்தன. அமெரிக்க ஏலங்களில் இருந்து வரும் விபத்து வண்டிகளை அடையாளம் காண மெக்கானிக்குகள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்: சேசிஸில் வெல்டிங் தழும்பு, கதவு விளிம்பில் நிறம் மாறிய பெயின்ட். தண்ணீர் பட்ட வண்டிக்கு வேறு சோதனை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்ப்பார்கள். ஏசியை முழுதாக வைத்து வாடை வருகிறதா என்று காத்திருப்பார்கள். சீட்டில் புதிதாக உறை தைத்திருந்தால், எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும், கழற்றச் சொல்கிறார்கள்.