முதற்றுயிலும் மறுதுயிலும்

நள்ளிரவில் விழித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தவாறே விடியலை எதிர்நோக்கிக் கிடத்தல் பலர்க்கும் நேர்வதொன்று. ஒருநாள் இருநாள் நேர்ந்தால் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. வாரத்தில் மூன்று இரவேனும் அவ்வாறு நேர்ந்து, அது மூன்று திங்கள் நீடிக்குமாயின், அதனை நாட்பட்ட துயிலின்மை என இன்றைய வைத்தியர் வகுத்துரைப்பர். அந்நிலையில் ஒருவரை விழிப்பு வருத்துவதினும் விழிப்பைப் பற்றிய அச்சமே மிகுதியாக வருத்துகின்றது. மணிக்கூட்டை நோக்கி, எழும்ப இன்னும் மூன்று மணித்தியாலமே உண்டென்று எண்ணுகின்றவருக்கு, அவ்வெண்ணமே எஞ்சிய துயிலையும் போக்கிவிடுகின்றது. இவ்வச்சம் என்றும் உள்ளதொன்றன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த றொஜர் ஈக்கர்ச் என்பார், மேலைநாடுகளில் மக்கள் இரவுப் பொழுதை எவ்வாறு கழித்தனர் என்பதை ஆராயப் புகுந்தார். பழைய வழக்குமன்றப் பதிவேடுகளையும் நாட்குறிப்புகளையும் வைத்திய நூல்களையும் அவர் துருவியபோது, எதிர்பாராத சொற்றொடர் ஒன்று திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. "முதற்றுயில்" என்பதே அது. ஆங்கிலத்தில் மட்டுமன்றிப் பிரெஞ்சு, இத்தாலியம், இலத்தீன் ஆகிய மொழிகளிலும் அதற்கு நேரான வழக்கு இருந்தது. எழுதினோர் எவரும் அதனை விளக்க முற்படவில்லை. படிப்போர் அனைவரும் அறிந்த செய்தியாகவே அதனைக் குறிப்பிட்டுச் சென்றனர். தமது முடிபுகளை ஈக்கர்ச் 2001ஆம் ஆண்டில் கட்டுரையாகவும் 2005ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

அவர் கூறுவதன் சாரம் இது: கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட ஐரோப்பாவில் மக்கள் பலர் இரவில் இருமுறை துயின்றனர். இருட்டிச் சிலமணிநேரத்தில் படுத்து, நள்ளிரவை ஒட்டி விழித்து, ஒரு மணித்தியாலமோ சற்று மேலோ விழித்திருந்து, பின்னர் விடியும்வரை மறுபடியும் துயின்றனர். அவ்விடைப்பொழுதில் அவர்கள் கலங்கிக் கிடக்கவில்லை. அடுப்பு நெருப்பைத் தூண்டுவோர், சுங்கானில் புகைபிடிப்போர், துணி வெளுப்போர், அயல்வீட்டுக்குப் போய்வருவோர் எனப் பலர் இருந்தனர். அந்நேரத்தில் ஓதுதற்கெனத் தனி மன்றாட்டுகள் 15ஆம் நூற்றாண்டுச் செபநூல்களில் இடம்பெற்றன. திருடச் சென்றோரும் உளர். வழக்குமன்றப் பதிவேடுகள் இவ்வாராய்ச்சிக்குத் துணைநின்றமைக்கு அதுவும் ஒரு காரணம். முதற்றுயிலில் வலப்புறமாகவும் மறுதுயிலில் இடப்புறமாகவும் படுத்தல் செரிமானத்திற்கு நன்றெனக் கூறிய வைத்திய நூல்களும் இருந்தன. 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் லோறன் ஜூபேர், உழைப்பாளிகள் மகப்பேற்றிற்கு உகந்த வேளையாகக் குறித்ததும் முதற்றுயிலுக்குப் பிற்பட்ட வேளையையே.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் நிகழ்ந்த கொலையொன்றை விசாரித்தபோது, இறந்தவளின் மகளான ஒன்பது வயதுச் சிறுமி சாட்சியம் அளித்தாள். தாய் முதற்றுயில் நீங்கி எழுந்தாள் என்றும், வெளியே அழைப்புக்குரல் கேட்டுப் புறப்பட்டாள் என்றும், காலையில் திரும்பிவிடுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிச் சென்றாள் என்றும் அச்சிறுமி கூறினாள். தாய் திரும்பவில்லை. நடு இரவில் தாய் எழுந்தமை பிள்ளைக்கு வியப்பாகவே இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இலக்கியச் சான்றுகளும் இல்லாமலில்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புலவர் சோசர் பாடிய கதையொன்றில் அரசகுமாரி முதற்றுயில் கழிந்ததும் எழுந்து விடுகின்றாள். ஸ்பானிய எழுத்தாளர் சேர்வான்ரிஸ் படைத்த டொன் குவிக்சோட்டு முதற்றுயிலோடு நிறைவடைபவன். அவனுடைய ஏவலாளன் சாஞ்சோவோ படுத்தால் விடியும்வரை ஒரே துயிலாகத் துயில்பவன். அவனுக்கு இரண்டாவது துயிலே கிடையாது. அக்காலத்திலும் மனிதருக்கு மனிதர் துயில் வேறுபட்டது என்பது இதனால் விளங்கும்.

இருதுயில் வழக்கம் ஏன் மறைந்தது? ஒளி பெருகியமையே முதற்காரணம் என்பர். பாரிஸ் மாநகரின் தெருக்களில் 1667ஆம் ஆண்டில் விளக்குகள் ஏற்றப்பட்டன. இலண்டனில் 1807இல் வாயுவிளக்கு முதன்முதலாகத் தெருவொன்றில் எரிந்தது. எடிசனின் மின்குமிழ் 1879இல் ஒளிர்ந்தது. செல்வர் இரவில் நெடுநேரம் விருந்திலும் கூத்திலும் விழித்திருந்து பிந்திப் படுக்கலாயினர். அவரைப் பார்த்து ஏனையோரும் பிந்தினர். ஆலைச்சங்கு ஊதும் நேரத்திற்கு எழவேண்டிய தொழிலாளிக்கு இரு துயிலுக்கு நேரம் ஏது? முதற்றுயில் என்னும் சொல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது. சொல் மறைந்த பின்னரும் சிலர் நள்ளிரவில் விழித்துக்கொண்டே இருந்தனர். பாட்டனுக்கு இயல்பாயிருந்த விழிப்பு பேரனுக்கு நோயாயிற்று.

இக்கொள்கைக்குத் துணைசெய்வதுபோல், அமெரிக்காவில் தோமஸ் வேர் என்னும் உளவைத்திய ஆய்வாளர் 1992இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். நாள்தோறும் பதினான்கு மணித்தியாலம் இருளில் இருக்குமாறு சிலரை ஒரு திங்கள் வைத்திருந்தபோது, அவர்தம் துயில் நாளடைவில் இரண்டாகப் பிரிந்தது. இடையே ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் அவர்கள் அமைதியாக விழித்திருந்தனர்.

ஆயினும் இதனை மனித குலம் முழுமைக்கும் பொது எனக் கொள்ளல் பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நகரமான அன்ற்வேர்ப்பின் வழக்குமன்றப் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர், அங்கே இருதுயிலுக்குச் சான்று கண்டிலர். தன்சானியாவின் ஹட்சா மக்களையும் நமீபியாவின் சான் மக்களையும் பொலிவியாவின் சிமானே மக்களையும் ஆராய்ந்த குழுவொன்று 2015இல் தன் முடிவை வெளியிட்டது. மின்விளக்கு அறியாத அம்மக்கள் ஞாயிறு மறைந்து ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் கழித்தே படுத்து, பெரும்பாலும் ஒரே தொடராகத் துயின்றனர். சராசரியாக ஆறு அல்லது ஏழு மணித்தியாலமே அவர் துயிலின் அளவு. இரவில் எட்டு மணித்தியாலம் துயிலாவிடில் உடல் கெடும் என அஞ்சுவோர் இவ்வளவை நோக்குதல் நன்று. துயிலின்மையைக் குறிக்கும் சொல்லே அவருள் இரு கூட்டத்தார் மொழியில் இல்லை.

இவ்வேறுபாட்டிற்கு நிலவுலகின் அமைப்பும் ஒரு காரணமாகலாம். மார்கழியில் இலண்டனில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முன்னரே மறைந்து மறுநாட் காலை எட்டு மணிக்குத்தான் எழும். பதினாறு மணித்தியால இருளை ஒரே துயிலால் எவரால் நிரப்ப முடியும்? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலமே. அவ்விரவைத் தமிழர் யாமங்களாகப் பகுத்தனர். சங்க இலக்கியத்தில் யாமத்து விழிப்போர் பலரைக் காண்கின்றோம். எனினும் அவர் விழிப்பிற்குக் காரணம் வெளிப்படை. தலைவனைப் பிரிந்த தலைவி துயரால் துஞ்சாள். நாழிகை வட்டிலை நோக்குவோர் தொழிலால் துஞ்சார். நெடுநல்வாடையில் அரசமாதேவி பிரிவால் கண்துஞ்சாதிருக்க, பாசறையிலே பாண்டியன் புண்பட்ட வீரரைக் காணும்பொருட்டு நள்ளிரவிற் புறப்படுகின்றான். அவ்விழிப்பை நோயெனப் புலவர் பாடவில்லை. அன்பின் அடையாளமாகவும் கடமையின் அடையாளமாகவுமே பாடினர்.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். ஒரே துயிலே முறையான துயில் என்னும் எண்ணம் நிலைபெற்ற 19ஆம் நூற்றாண்டில், விழித்தவர் முன்னே இரு வழிகள் இருந்தன. ஒரு வழியில் நடந்தவர் நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ். மனத்துயர் ஒன்றினால் பல இரவுகள் அவருக்குத் துயில் வரவில்லை. அவர் படுக்கையிற் புரண்டுகொண்டிராது எழுந்து, நள்ளிரவு தாண்டிய வேளையில் நகருக்குள் நடக்கத் தொடங்கினார். வாட்டர்லூப் பாலத்திற் சுங்கம் வாங்குபவனோடு உரையாடினார். வீடற்றோர் குளிரில் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டார். பித்தர் மனையின் மதிலருகே நின்று, கனவு காணும்போது நாமெல்லாம் உள்ளே இருப்போரைப் போன்றவர் அல்லமோ எனச் சிந்தித்தார். ஞாயிறு எழும் வேளையில் களைத்து வந்து படுத்துத் துயின்றார். இவ்வனுபவத்தை அவர் 1860இல் கட்டுரையாக வெளியிட்டார். படுக்கையிலேயே கிடந்து மருந்து தேடியிருந்தால் தம் துன்பம் நீடித்திருக்கும் என்பது அவர் கருத்து. நாவலாசிரியர் கூற்றை வைத்தியர் எவரும் அன்று செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

வைத்திய உலகம் மற்றொரு வழியில் விரைந்தது. 1869இல் பேர்லின் நகரத்து ஒஸ்கார் லீப்றைக், குளோரல் ஹைட்ரேட்டு என்னும் இரசாயனப் பொருள் துயில் வருவிக்கும் எனக் கண்டார். விரைவில் அது ஐரோப்பிய இல்லங்களிற் படுக்கை அருகே இடம்பிடித்தது. ஓவியரும் புலவருமான றொசெற்றி அதற்கு அடிமையாகி, உடலும் உள்ளமும் நலிந்து 1882இல் மறைந்தார். வளிமண்டலத்து நீராவி வெப்பத்தைக் கவரும் என்பதைக் கருவியால் அளந்து காட்டிய பௌதிக அறிஞர் ஜோன் ரின்டாலும் நெடுங்காலம் துயிலின்றி வருந்தியவர். காலையில் மக்னீசியா, இரவிற் குளோரல் என்பது அவர் வழக்கம். 1893ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் ஒருநாட் காலை, அவர் மனைவி லூயிசா போத்தல் மாறி, மக்னீசியாவின் அளவிலே குளோரலைக் கொடுத்துவிட்டார். தவறு உடனே தெரிந்தும் பயனில்லை. அன்றே அவர் இறந்தார். கணவரின் வரலாற்றை எழுதவேண்டுமென்று குறிப்புகளைச் சேர்த்தவாறே அவ்வம்மையார் 1940 வரை, நாற்பத்தேழு ஆண்டு தனித்து வாழ்ந்தார்.

குளோரலுக்குப் பின் 1903இல் எமில் பிஷரும் ஜோசெப் வொன் மேரிங்கும் ஆக்கிய வெரோனல் வந்தது. அதன் வழித்தோன்றலான பாபிற்றுரேற்று மருந்துகள் அரை நூற்றாண்டு கோலோச்சின. துயிலைத் தரும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையே இவற்றில் இடைவெளி சிறிது. அவ்வாபத்து இல்லாத மருந்தென 1957இல் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட்டு விற்பனைக்கு வந்தது. வைத்தியர் சீட்டுமின்றி விற்கப்பட்டது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் அதனை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. 1961இன் இறுதியில் அது மீட்டுக்கொள்ளப்படுமுன், பல நாடுகளிலுமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஓர் இரவின் அமைதிக்காக உட்கொள்ளப்பட்ட குளிசை இவ்வளவு செய்தது. 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் தோன்றிய மருந்துக் குடும்பம் உயிருக்கு ஊறு குறைந்தது. ஆயினும் நாட்பட உண்டோர் அதனை விடமுடியாது தவித்தமை 1980ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று.

இதற்கிடையே துயிலை ஆராயும் கலையும் வளர்ந்தது. 1938இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து நதானியல் கிளைற்மன், மாணவர் ஒருவருடன் கென்ரக்கி மாநிலத்துக் குகையொன்றில் முப்பத்திரண்டு நாள் வாழ்ந்து, பகலிரவு தெரியாவிடில் துயில் என்னவாகும் எனப் பார்த்தார். துயில் ஏறக்குறையத் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக அமைவதும், சுற்றுகளுக்கிடையே எவரும் சிறிது விழிப்பதும், வயது ஏற ஏற அவ்விழிப்பு மிகுவதும் பிற்கால ஆய்வுகளால் தெளிவாயின. அவற்றுட் பெரும்பாலான விழிப்புகள் காலையில் நினைவில் நிற்பதில்லை.

1972இல் றிச்சட் பூட்சின் என்னும் உளவியலாளர் புதியதொரு சிகிச்சையை முன்வைத்தார். துயில் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுக்கவேண்டும். இருபது நிமிடமளவிலும் துயில் வாராவிடில் எழுந்து வேறிடம் சென்று, மங்கிய ஒளியில் அமைதியான செயலொன்றைச் செய்து, துயில் வரும்போது திரும்பவேண்டும். எத்தனைமுறை நேரினும் அவ்வாறே செய்தல்வேண்டும். இரவு எவ்வாறு கழியினும் காலையில் குறித்த நேரத்தில் எழவேண்டும், பகலிற் படுக்கலாகாது. படுக்கை என்றதும் உள்ளம் போராட்டத்தை நினையாது துயிலை நினைக்கப் பழக்குதலே இதன் நோக்கம். 1987இல் ஆதர் ஸ்பீல்மன், படுக்கையிற் கிடக்கும் நேரத்தையே குறைத்து, துயில் செறிந்தபின் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை இதனோடு சேர்த்தார். முதல் இரண்டொரு வாரம் இம்முறை கடினமானது. பகலில் களைப்பு மிகும். வலி, மூச்சடைப்பு, மனச்சோர்வு முதலியவற்றால் வரும் துயிலின்மைக்கு அவ்வக் காரணத்தை நாடிய வைத்தியமும் வேண்டும். குளிசைக்குப் பழகியோர் அதனைத் தாமே திடீரென நிறுத்துதல் ஆபத்தாகும்.

வளர்ந்தோர்க்கு வரும் நாட்பட்ட துயிலின்மைக்கு, மருந்துக்கு முன் இத்தகைய பயிற்சியே முதற்சிகிச்சை என அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. டிக்கின்ஸ் தமது கட்டுரையை வெளியிட்டு அப்போது நூற்றைம்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.