கெடுவுக்கு முன்னால்: ஒரு வீட்டுக்கடனும் அம்மாவின் கணக்கு நோட்டும்

போன மாதம் தஞ்சாவூர் வீட்டுப் பரணை ஒழித்தபோது அம்மாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. 1998 முதல் 2007 வரை, வருடத்துக்கு ஒன்று. ரேஷன் சர்க்கரை, பால், மளிகை, பஸ் பாஸ், மொய் என்று எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வரி மட்டும் மாறவில்லை: "வீடு 3,869."

அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். 1998-இல் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 3 லட்சம் வாங்கினார். 13 சதவீத வட்டி, கடைசி வரை மாறாது, 15 வருடம். சம்பளத்தில் ஏறக்குறைய பாதி தவணைக்கே போனது. கடன் 2013-இல் முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 2007 மார்ச்சில். அது எப்படி என்று நோட்டைப் புரட்ட ஆரம்பித்தேன். கடைசியில் சட்டப் புத்தகம் வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது.

விஷயம் என்னன்னா, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போன அன்று அங்கிருந்த அதிகாரியிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி வட்டியைப் பற்றி இல்லையாம். "கெடுவுக்கு முன்னாடி கட்டினா வாங்கிப்பீங்களா?" என்று கேட்டாராம். அவர் சிரித்திருக்கிறார். அந்தக் கேள்வியில் சிரிக்க எதுவும் இல்லை என்பது எனக்கே இப்போதுதான் புரிகிறது.

அம்மாவின் அப்பா, என் தாத்தா, பாபநாசம் பக்கத்தில் 3 மா நிலத்தை 1950-களில் ஒத்திக்கு வைத்தார். ஏழு வருடக் கெடு. ஒத்தியில் வட்டி என்று தனியாகக் கிடையாது. பணம் கொடுத்தவர் நிலத்தை எடுத்துக்கொண்டு விளைச்சலை அனுபவிப்பார், அதுதான் வட்டி. நாலாவது வருடம் தாத்தா கையில் பணம் சேர்ந்தது. கொண்டுபோய் நீட்டினார். "கெடு முடியட்டும், பாத்துக்கலாம்" என்று பதில். நல்ல நஞ்சை, இன்னும் மூன்று வருட நெல்லை யார் விடுவார்? காத்திருந்த மூன்று வருடத்தில் அந்தப் பணம் ஒரு கல்யாணத்துக்கும் ஒரு வைத்தியத்துக்கும் போய்விட்டது. நிலம் திரும்பவே இல்லை.

அவர் செய்தது அநியாயம் என்றுதான் எங்கள் வீட்டில் பேசுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 60. அடமானம் வைத்தவருக்குச் சொத்தை மீட்கும் உரிமை உண்டு, அந்த உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது. ஆனால் அந்த உரிமை எப்போது பிறக்கிறது? அசல் கெடுவுக்கு வந்த பிறகு. அதற்கு முன்னாலேயே கட்டலாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் ஒழிய, சீக்கிரம் கட்டி மீட்கும் உரிமை என்று ஒன்று கிடையாது. ஒத்திக்காரர் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1958 தீர்ப்பு ஒன்று இருக்கிறது, கங்காதர் எதிர் சங்கர்லால். அஜ்மீரில் ஒரு கடையை 1899-இல் அடமானம் வைக்கிறார்கள். கெடு எவ்வளவு தெரியுமா? 85 வருடம். 1947-இல் மீட்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். இவ்வளவு நீண்ட கெடு மீட்புரிமையையே முடக்குகிறது என்பது வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. கெடு நீளம் என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, கடன் வாங்கியவரை நெருக்கி எழுதி வாங்கியதாகவும் தெரியவில்லை, வழக்கு காலத்துக்கு முன்னால் வந்திருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். 1899-உடன் 85-ஐக் கூட்டினால் 1984. தாத்தாவின் ஏழு வருடம் எனக்குச் சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது.

மாதத் தவணைக் கடன் இதை மாற்றியது என்று சொல்லலாம். ஹஸ்முக் பரேக் 1977-இல் ஹெச்டிஎஃப்சியை ஆரம்பித்த பிறகு, மாதச் சம்பளக்காரர் சம்பளத்தைக் காட்டி நீண்ட காலக் கடன் வாங்குவது மெல்ல மெல்ல வழக்கமானது. (எங்கள் கடன் வேறொரு நிறுவனத்தில்.) இங்கே சொத்து உங்கள் கையிலேயே இருக்கிறது, பத்திரம்தான் அவர்களிடம். முன்கூட்டிக் கட்டவும் ஒப்பந்தத்தில் இடம் உண்டு. ஆனால் எங்கள் கடனில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. கடனை முழுதாக அடைத்தால் 2 சதவீதம் அபராதம் என்பது ஒன்று. இன்னொன்று 'ஆனுவல் ரெஸ்ட்'. அப்போது பல நிறுவனங்களில் இருந்த முறை இது. நீங்கள் மாதாமாதம் தவணை கட்டினாலும், அசல் குறைவது வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 31 அன்றுதான். ஏப்ரலில் கட்டியதற்கும் அடுத்த மார்ச் வரை வட்டி ஓடும்.

1999 ஏப்ரலில் முதல் வருடக் கணக்கு தபாலில் வந்திருக்கிறது. அம்மா அதை நோட்டில் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். கட்டியது 46,428. அதில் வட்டி 39,000. அசலில் கழிந்தது 7,428. கீழே சிவப்பு மையில் ஒரு வார்த்தை: "அடப்பாவி."

அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து நோட்டின் முகமே மாறுகிறது. அரை லிட்டர் பால் நிறுத்தம், மாதம் 165 மிச்சம். வாரப் பத்திரிகை நிறுத்தம், பக்கத்து வீட்டில் இரவல். வங்கியில் மாதம் 500 ரூபாய்க்கு 12 மாத ஆர்.டி., ஏப்ரலில் ஆரம்பித்து மார்ச்சில் முதிர்கிற மாதிரி. அப்பா 15 நாள் விடுப்பைச் சரண்டர் செய்து வாங்கும் பணமும் அதனோடு சேரும். எல்லாம் மார்ச் கடைசி வாரத்தில் ஒரே டிடியாகப் போகும். மார்ச்சில் ஏன் என்பது எனக்கு ரெஸ்ட் கணக்கைப் படித்த பிறகுதான் உறைத்தது. நடுவில் கட்டினால் அந்தப் பணத்தால் பயன் இல்லை, அதுவரை ஆர்.டி.யில் கிடந்தால் கொஞ்சமாவது வட்டி வரும். எட்டாவது வரை படித்த அம்மா இதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

2000 மார்ச்சில் 8,000. அடுத்த வருடம் 11,000, அதற்கடுத்து 12,000. சின்னத் தொகைகள்தான். ஆனால் 13 சதவீதக் கடனில் ஆரம்ப வருடத்து ரூபாய்க்கு இருக்கும் பலமே வேறு. முதல் வருடக் கடைசியில் அதிகப்படியாக 10,000 கட்டினால், கடைசி வருடத் தவணைகள் 46,428-ம் அப்படியே இல்லாமல் போகும். அதே 10,000-ஐப் பத்தாவது வருடம் கட்டினால் அதில் பாதிகூடத் தேறாது.

2003-இல் தொகை 9,000 ஆக இறங்கியிருக்கிறது. "சரண்டர் கெடையாது" என்று ஒரு வரி. அந்த ஜூலையில்தான் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் வந்தது. தமிழ்நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்தார்கள். அப்பாவும் அதில் ஒருவர். ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

நோட்டில் இந்தக் கதை எதுவும் இல்லை. "ஜூலை 31. வரவு 0. வீடு 3,869 (வளையல்)." அவ்வளவுதான். வீட்டின் மேல் வாங்கிய கடனைக் கட்ட வளையலை அடகு வைத்திருக்கிறார். அப்பா அந்த மாதம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, வளையல் போனது ஞாபகம் இல்லை.

அதுவரை அம்மா கட்டியது வட்டி மேல் இருந்த கோபத்தில் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கட்டியது பயத்தில். 2004 மார்ச்சில் வளையலை மீட்டு, ஜோடியாகவே விற்று, மற்றதையும் சேர்த்து 15,000 கட்டினார். அடுத்த மார்ச்சும் 15,000, அதற்கடுத்து 18,000. தங்கம் பிறகு ஏறிய ஏற்றத்தை வைத்து இன்றைக்கு யாராவது கணக்குப் போட்டால், அம்மா செய்தது தப்பு என்றுதான் வரும். அந்தக் கணக்கில் 2003 ஜூலை இருக்காது.

இன்னொரு தப்பும் உண்டு. 2004 வாக்கில் புதிய வீட்டுக்கடன் வட்டி 8 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. 2 சதவீத அபராதம் 3,375 ரூபாயைக் கட்டிவிட்டு வேறு வங்கிக்கு மாறியிருந்தால், முதல் வருடத்திலேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும். இதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

2007 மார்ச்சில் பாக்கி 45,849. அப்பாவின் சேமநல நிதியிலிருந்து எடுத்துக் கட்டி முடித்தார்கள். நடுவில் கட்டியதும் கடைசியில் கட்டியதும் சேர்த்து 1,33,849 ரூபாய். அதனால் கட்டாமல் போன ஆறு வருடத் தவணை 2,78,568. அபராதம் 917.

அபராதத்துக்கு நிறுவனங்கள் சொன்ன காரணம் முழுப் பொய் இல்லை. நீண்ட காலத்துக்கு வெளியில் கடன் வாங்கித்தான் உங்களுக்குத் தருகிறார்கள், நீங்கள் பாதியில் அடைத்தால் அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட வேண்டும். ஆனால் வட்டி இறங்கும்போது வாடிக்கையாளர் வேறு இடம் போகாமல் கட்டிப்போடவும் அதே அபராதம்தான் உதவியது. 2010-இல் தேசிய வீட்டுவசதி வங்கி, சொந்தப் பணத்தில் கடனை அடைப்பவர்களிடம் வீட்டுவசதி நிறுவனங்கள் அபராதம் வாங்கக் கூடாது என்றது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்களுக்கு அதை நீக்கியது. தாத்தாவின் ஒத்தியிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டுக்கு மேல்.

அம்மாவின் நோட்டில் கடைசிப் பத்தி 'தண்டம்'. வீணாய்ப் போன காசெல்லாம் அங்கேதான் எழுதப்படும். 2007 மார்ச்சில் அந்தப் பத்தியில் இரண்டே வரிகள். "குடை தொலைஞ்சது 85. வீடு 917."

2010 விதியைப் பற்றிப் போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அந்தத் தொள்ளாயிரத்துப் பதினேழைத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார்.