சித்திரக்கதையிலிருந்து இறங்கிய பந்தயக் கார்: பம்பாயில் அது ஏன் உருவாகவில்லை?

ஜப்பானியர் 'மினி யொன்கு' என்றொரு சொல்லை வழங்குகின்றனர். 'யொன்' என்றால் நான்கு. 'கு' என்பது இயக்கத்தைக் குறிக்கும் 'குதோ' என்னும் சொல்லின் முதல் அசை. நான்கு சக்கரங்களும் இயங்கும் சிற்றுருக் கார் என்பது பொருள். 1987இல் 'கோரோகோரோ' என்னும் சிறுவர் இதழில் தொகுதா சௌருசு எழுதிய சித்திரக்கதையின் நாயகனுக்கு யொன்குரோ என்று பெயர். 'ரோ' ஆண்பாற் பெயர்களில் வரும் ஈறு. ஒரு வணிகப் பொருளின் பெயர்ச்சுருக்கத்தோடு அந்த ஈற்றைச் சேர்த்து மனிதப் பெயர் ஆக்கிவிட்டார்கள். மொழியியல் பயின்ற எனக்கு இப்பொருளில் முதலில் ஆர்வம் பிறந்தது இந்தச் சொல்லாக்கத்தால்தான். வரலாற்றுக் கேள்வி பின்னரே வந்தது.

காரின் அமைப்பு எளிது. உண்மைக் காரின் 32இல் ஒரு பங்கு அளவு. பசையின்றி அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் உறுப்புகள், ஒரு சிறு மோட்டார், இரண்டு பென்சில் மின்கலங்கள், முன்பின் அச்சுகளை இணைக்கும் ஒரு தண்டு. திருப்பும் கருவி கிடையாது. ஓடுதளத்தின் பக்கச் சுவரில் உருளைகள் உரசுவதால் வண்டி வளைகிறது. தமியா நிறுவனம் 1982இல் இதை வெளியிட்டபோது வடிவங்கள் அமெரிக்கப் பிக்கப் வண்டிகளாக இருந்தன. 1986இல் அவை பந்தயக் கார்களாயின. அடுத்த ஆண்டு சித்திரக்கதை வந்தது. 1988இல் நாடு தழுவிய 'ஜப்பான் கோப்பை'ப் போட்டியும் தொடங்கியது. கதையில் ஓவியர் கற்பனையாக வரைந்த கார்களை நிறுவனம் அச்சில் வார்த்தது. அவற்றை வாங்கிய சிறுவர் உறுப்புகளை அறுத்தும் துளையிட்டும் எடை குறைத்தனர். 1994இல் கொஷிதா தெத்சுஹிரோ தொடங்கிய அடுத்த கதையில் இரு சகோதரர்: ஒருவன் கார் நேர்ப்பாதையில் விரையும், மற்றவன் கார் வளைவில் வெல்லும். எடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு அங்கே கதைமாந்தரின் குணவேறுபாடாகவே ஆகிவிட்டது.

இதைப் பெருநிறுவனமொன்றின் விற்பனை உத்தி என்று மட்டும் வகைப்படுத்துவோர் உண்டு. உத்திதான். ஆனால் அந்நிறுவனத்தின் முற்காலத்தைப் பார்த்தால் அவ்வகைப்பாடு போதாது. 1946இல் ஷிசுவோகா நகரில் தமியா ஒரு மர வணிகக் கடையாகத் தொடங்கியது. பின்பு மரத்தால் மாதிரிகள் செய்தது. 1960இல் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் மாதிரியான யமாதோ போர்க்கப்பல் விற்பனையில் தோற்றது. நிறுவனத்தைக் காத்தது, பொம்மைத் தொழிலில் பயனற்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பழைய அச்சு. அதில் வார்த்த மலிவான குட்டிப் பந்தயக் கார் விற்றது. 1961இல் பான்தர் டாங்கி வெளிவந்தது. தொடக்கம், ஆகவே, இரவல் அச்சு.

இனி பம்பாய். இதே காலத்தில் இங்கே என்னென்ன இருந்தன? செம்பூரை ஒட்டிய ட்ராம்பே, மாகுல் பகுதியில் 1954இலும் 1955இலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1957இல் இந்தியாவில் பாலிஸ்டைரீன் உற்பத்தி தொடங்கியது. மாதிரிக் கார்களின் உறுப்புகளுக்குரிய மூலப்பொருள் அதுவே. மாட்டுங்காவில் 1923 முதல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்விக்கூடம் இயந்திரப் பொறியாளர்களைப் பயிற்றுவித்து வந்தது. தாராவியில் திருநெல்வேலித் தமிழர் தோல் தொழிலில் நிலைபெற்றிருந்தனர். பின்னாளில் அங்கேயே '13 காம்பவுண்டு' பகுதி பிளாஸ்டிக் மறுசுழற்சியின் மையமாயிற்று. சித்திரக்கதைக்கும் குறைவில்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் 'இந்திரஜால் காமிக்ஸ்' தொடரைப் பம்பாயிலிருந்து தொடங்கியது. அது தமிழிலும் வந்தது. 1967இல் அனந்த் பையின் 'அமர் சித்திரக் கதா' வெளியாயிற்று. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையின் பழைய புத்தகக் கடைகளில் இவற்றின் படிகளை இன்றும் புரட்டலாம்.

மூலப்பொருள், கல்வி, கைத்திறன், கதை: எல்லாம் ஒரு சில கல் தொலைவுக்குள். ஆயினும் கதையிலிருந்து இறங்கி ஓடும் கார் ஒன்று இங்கே உருவாகவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அரசின் கொள்கை. பொம்மைகள் பல சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. முதலீட்டுக்கு உச்சவரம்பு இருந்தால் விலையுயர்ந்த எஃகு அச்சு வெட்டுவது எளிதன்று. ஓர் அச்சின் செலவு பல்லாயிரம் படிகளில் பரவினால்தான் விலை இறங்கும். அவ்வொதுக்கீடு 2001 ஜூனில் தோல் பொருள்களுக்கும் காலணிகளுக்கும் பொம்மைகளுக்கும் ஒரே ஆணையில் நீங்கியது. (தாராவியின் தோல் பட்டறைகளும் பொம்மையும் ஒரே பட்டியலில் நின்றது எனக்கு வியப்பளித்தது.) அதே ஆண்டு ஏப்ரலில் இறக்குமதியின் அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கிவிட்டன. உள்ளூர்த் தொழில் வளர வாயில் திறந்தபோது வெளிநாட்டுப் பொம்மைகளும் அதே வாயிலில் நின்றன.

இவ்விளக்கம் சரியானதே, ஆனால் பாதிதான். இரவல் அச்சுகள் இந்தியாவுக்கும் வந்தன. 1960களின் இறுதியில் கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' பிரிட்டனின் டிங்கி நிறுவனம் பயன்படுத்திய அச்சுகளைக் கொண்டு உலோகக் கார்கள் வார்த்தது. தமியாவுக்கு இரவல் அச்சு ஓராண்டுக்கான பாலம்; இங்கோ அதுவே இருப்பிடமாயிற்று. சென்னையில் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சோழவரம் பந்தயங்களில் ஈடுபட்டதோடு, 1987இல் அமெரிக்க ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்து 'ஃபன்ஸ்கூல்' பொம்மை நிறுவனத்தையும் தொடங்கியது. பந்தயக் காரும் பொம்மையும் ஒரே கூரையின் கீழ் வந்தும், இடையில் ஒரு கதை பிறக்கவில்லை.

என் கணிப்பில் முடிச்சு சித்திரக்கதையின் பக்கம் இருக்கிறது. இந்திரஜாலின் முகமூடி வேதாளன் அமெரிக்கக் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் உடைமை. 1972இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தமிழாக்கி வெளியிட்ட இரும்புக்கை மாயாவி பிரிட்டனிலிருந்து வந்தவர். உரிமம் பெற்று மொழிபெயர்க்கும் பதிப்பாளருக்கு அந்தக் கதையில் புதிய வண்டியைச் சேர்க்கும் அதிகாரம் கிடையாது. சொந்தப் படைப்பான அமர் சித்திரக் கதாவோ புராணத்தையும் வரலாற்றையும் தேர்ந்தது. அங்கே தேர் உண்டு, கியர் இல்லை. ஓவியரும் அச்சு வெட்டுபவரும் ஒரே மேசையில் அமரும் தேவை இங்கே எழவே இல்லை. கோரோகோரோவின் ஓவியருக்கு அத்தேவை மாதந்தோறும் இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. யொன்குரோவின் கதையில் சிறுவர்கள் திருப்பும் கருவியற்ற காரின் கூடவே ஓடி, கையிலுள்ள கோலால் தட்டி அதைத் திருப்புவார்கள். பனைநாட்டிலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமன்று. குடைந்த நுங்குக்கூடு இரண்டு சக்கரம், நடுவே ஓர் அச்சுக்குச்சி, தள்ள ஒரு கவைக்கோல்: நுங்கு வண்டியோடு சிறுவன் ஓடுவதும் இப்படித்தான். ஆனால் 'நம்மிடம் அப்போதே இருந்தது' என்று பெருமை பேசும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. நுங்கு வண்டி ஒரு வாரத்தில் காய்ந்து போகும். அதன் அளவுகள் எங்கும் பதிவாகா. பிழையைத் திருத்திய அடுத்த வடிவம் கடைக்கு வராது. மாதிரிக் காரின் கல்விப் பயன் அந்தத் தொடர்ச்சியில்தான் உள்ளது.

பதிவின்மை தாராவிக்கும் பொருந்தும். 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தீயில் காட்டி மணத்தால் வகை அறிவர். அரைத்து உருக்கி மணிகளாக வெட்டியதைத் 'தானா' என்பர். இந்தியில் தானிய மணியைக் குறிக்கும் சொல் அது. நம் 'தானிய'த்தின் உறவினர். அச்சு 'டை' ஆகிறது. இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் கலந்த இத்தொழிற்சொற்கள் ஓர் அறிவுத்துறையின் கலைச்சொற்களே. தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. அது கூடங்களை எண்ணும், சொற்களை எண்ணாது.

தாராவி, செம்பூர், மாட்டுங்காப் பகுதிகளில் அச்சு வெட்டும் பட்டறையிலோ பொம்மை வார்க்கும் கூடத்திலோ பணியாற்றிய பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் வழங்கிய ஓரிரு சொற்களையேனும் கீழே எழுதுங்கள். எந்தக் கருவிக்கு எந்தச் சொல், எந்த ஆண்டளவில் என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவி.