ஒரு குடப்பொறிப்பும் அதன் உரையும்

மூலம்:
ஸ்ரர்மி ஆர்ச்சர் – ஏ டபிள்யூ – 58 4 – இங்கிலாந்தில் ஆக்கப்பட்டது

இது றலி, றட்ஜ், ஹம்பர் முதலிய பழைய துவிச்சக்கர வண்டிகளுட் கியர் உடையவற்றின் பின்சில்லுக் குடத்தின்மேல் அழுத்தப்பட்ட பொறிப்பு. குடம் என்றது ஊரார் ஹப் என வழங்கும் உறுப்பை. எண் குடந்தோறும் வேறுபடுமாதலின் ஈண்டு ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பழஞ்சாமான் தேர்வார் பலர் முதற்கண் வர்ணத்தையும் மினுக்கத்தையும் நோக்குவர். வர்ணம் பின்னாற் பூசியதாகலாம். ஒட்டுப்படம் நேற்று ஒட்டியதாகலாம். உருக்கில் அழுந்திய எழுத்தோ ஆக்கியோன் கூற்று. ஆகலின் அதுவே மூலமாயிற்று.

ஸ்ரர்மி ஆர்ச்சர் என்பது ஹென்றி ஸ்ரர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்னும் இருவர் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நொட்டிங்ஹாம் நகரில், றலி நிறுவனத்துப் பிராங் பௌடன் ஆதரவில் இவர் பெயரால் மூவேகக் குடம் எழுந்தது. அதனை வகுத்தவர் வில்லியம் றைலி என்பார். முன்னை ஒப்பந்தம் ஒன்று அவரைக் கட்டியிருந்தமையின் உரிமம் ஆர்ச்சர் பெயரிற் பதியப்பட்டது.

இப்பெயராற் பெறப்படுவது யாதெனின், குடம் றலிக் குடும்பத்தது என்பது. றலி நிறுவனம் 1932இல் ஹம்பரையும் 1943இல் றட்ஜையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ஆகவே இக்குடம் அவ்வண்டிகளில் இருப்பின் பொருந்தும். வண்டியின் குலத்தை முன்பற்சில்லிற் காண்க: நாரையுருவம் வெட்டப்பட்டிருப்பின் றலி, விரித்த கை எனின் றட்ஜ், ஓடும் மனிதர் எனின் ஹம்பர்.

ஏ டபிள்யூ என்பது வகைக்குறி. 1936 முதல் வந்தது. டபிள்யூ என்றது வேகங்களுக்கு இடையேயான அகற்சியை. நடுவேகத்திற் சில்லு பற்சக்கரத்தோடு ஒப்பச் சுழலும். முதல்வேகத்தில் அதன் முக்காற்பங்கு. மூன்றாம் வேகத்தில் ஒன்றேகாற்பங்கினும் சற்று மிகும், அஃதாவது மூன்றுக்கு நான்கு.

ஈரெழுத்து இட்டது என்னையெனின், இனமானவற்றை விலக்குதற்கு. எஸ் டபிள்யூ என இருப்பின் அது 1950களின் நடுவிற் சில ஆண்டுகளே ஆக்கப்பட்டது. பற்றாது நழுவும் குற்றமுடையது. உள்ளுறுப்புகள் ஏ டபிள்யூவுடன் மாறா. ரி சி டபிள்யூ எனின் பின்மிதித்தால் நிற்கும் தடையுடையது. ஏ ஜி எனின் குடத்துள்ளேயே டைனமோ உடையது. பற்றறி கிடையாத 1990களிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாட்டில் இவ்வெழுத்தின் அருமை விரிக்க வேண்டா.

எழுத்தை ஒலியால் உறுதி செய்க. சில்லைத் தூக்கிப் பெடலை முன்னோக்கிச் சுழற்றின், இரண்டாம் மூன்றாம் வேகங்களில் 'டிக் டிக்' எனும் ஒலி கேட்கும்; முதல்வேகத்தில் அவ்வொலி அடங்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே பெடல் பிடியற்று ஓடும் ஓரிடம் உண்டு. அஃது அமைப்பின் இயல்பு. அதனைப் பழுதென்று விலை குறைத்தல் அறியாமை.

58 4 என்பது முறையே ஆண்டும் மாதமும். 1958 ஏப்பிரல் என்றவாறு. அற்றேல் வண்டியும் அவ்வாண்டினதோ எனின், அன்று. எண் குடத்தின் ஓட்டுக்கே ஆண்டு கூறும். உள்ளுறுப்புக்கும் சட்டத்துக்கும் கூறாது. 1990 முதல் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில் ஆளையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிளே. அந்நாளில் ஒன்றன் சில்லு மற்றொன்றில் ஏறியது ஓடவேண்டும் என்னும் தேவையால். ஆதலின் இங்கு எண்ணும் சட்டமும் முரணின் அதனை மோசடி எனத் துணியற்க. இரண்டையும் தனித்தனி மதிப்பிடுக.

இங்கிலாந்தில் ஆக்கப்பட்டது என்பது பிறப்பிடம் சுட்டியது. சுட்ட வேண்டியது என்னையெனின், ஒரே பெயர்த்தகடு பல நாட்டிற் பிறந்தமையின். ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி எஸ் ஏ என்னும் பெயர்களை 1949இல் தொடங்கிய அம்பத்தூர் ரி ஐ சைக்கிள்ஸும் தாங்கியது. றலிக்கு ஆசன்சோலிற் சென்-றலி இருந்தது. அவை உழைப்பிற் குறைந்தன என்பதன்று. இனம் வேறு என்பதே கருத்து. 2000இல் நொட்டிங்ஹாம் ஆலை மூடப்பட்டு உரிமை தைவானின் சன்றேஸ் நிறுவனத்தைச் சேர்ந்தமையின், இத்தொடர் இனிப் பொறிக்கப்படாது என்பதூஉம் பெறப்படும்.

சொல்லாது உணர்த்தியன: கம்பித்துளைகளை எண்ணுக. ஆங்கிலமுறை வண்டியில் முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40. பின்குடம் 36 துளை உடையதாயின் பழைய 40 துளை ரிம்முடன் சேராது. எண்ணெய்த்துளை மூடி உளதோ எனக் காண்க. அது வீழ்ந்த குடத்துள் செம்மண்தூளும் மணலும் புகும். வலப்பக்க நட்டின் சிறுதுளையூடே நோக்கின், நடுவேகத்தில் உட்கம்பியின் விளிம்பு அச்சின் முனையோடு ஒட்டி நிற்றல் வேண்டும். நில்லாதாயின் குற்றம் பெரும்பாலும் கேபிளின் தளர்ச்சியே, குடத்ததன்று.

இனி மதிப்பின் முறை: எழுத்துத் தெளிவு முதலாவது, மூவேகமும் பற்றுதல் இரண்டாவது, துளையெண் மூன்றாவது, மூடி, நட்டு, உட்கம்பிச் சங்கிலி ஆகிய துணையுறுப்புகள் நான்காவது, முலாம் ஈற்றது. முலாத்தை ஈற்றில் வைத்தது, கடற்காற்று உண்ட முலாத்தை மீண்டும் ஏற்றலாம், எழுத்தை ஏற்றவொண்ணாது என்பது பற்றி. ஆகலின் குடத்தைப் பொலிஷ் மெசினிற் கொடாது, மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, மெசின் எண்ணெய் சில துளி விட்டு, மூலத்தை முதலிற் படிக்க. விலை பின்னர்ப் பேசுக.