தாய்க்கு ஒரு ஊசி, பெண்ணுக்கு ஒரு ஊசி

காரைக்குடி அருகே உள்ள அரியக்குடியில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்றால், ஊருக்குத் தெரியும் முன்பே சில சமயம் நர்சம்மாவுக்குத் தெரிந்துவிடும். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் ஏறும். கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ பதிவு எண் கிடைக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான 18,000 ரூபாய்க்கும் அதுதான். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி இந்த ஏற்பாட்டுக்குள் தானாக வந்துவிடுகிறது: கர்ப்பம் உறுதியானதும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. தவறவிட்டால் வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள்.

இதற்குப் பக்கத்தில் 2021-ஐ வைத்துப் பார்க்கலாம். ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இடமில்லை. சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. மே மாதம் 18 வயது நிரம்பியவர்களுக்குத் திறந்துவிட்டபோது, முதலில் ‘கோவின்’ இணையதளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டியிருந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அப்போது இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்த இந்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். நாற்று நடவும் நூறு நாள் வேலைக்கும் போன பெண்ணுக்கு ஓ.டி.பி. வர மகனின் போனை நம்ப வேண்டியிருந்திருக்கலாம். அவன் சிங்கப்பூரில் இருந்தால்? கூடவே, மாதவிலக்குக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் ஊசி கூடாது என்றொரு வாட்ஸ்அப் வதந்தி. அரசு மறுத்தது. ஆனால் ஊசியால் மாதவிலக்கு தள்ளிப்போகுமா என்று பெண்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. சோதனைகளில் யாரும் அதைக் கேட்டுப் பதிந்திருக்கவில்லை. சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீள்கிறது என்ற அமெரிக்க ஆய்வு 2022 ஜனவரியில்தான் வந்தது. 2021 கோடையில் நாடெங்கும் போடப்பட்ட ஊசிகளில் பெண்களின் பங்கு பாதிக்கும் குறைவாக இருந்ததில் வியப்பில்லை.

பெண்கள் பயந்தார்கள், அதனால்தான் பின்தங்கினார்கள் என்று சொல்வது எளிது. நான் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 2-ல் கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது. அந்த மாத முடிவுக்குள் நாடெங்கும் ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகள் சுமார் 2.27 லட்சம், அவர்களில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுப் பெண்கள். தயக்கம் கூடுதலாக இருந்திருக்க வேண்டியவர்கள் இவர்கள்தானே? பதிவேடு தயாராக இருந்தது, கூப்பிட்ட குரல் தெரிந்த குரலாக இருந்தது. மற்றப் பெண்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. செப்டம்பர் 12 முதல் தமிழ்நாட்டில் நடந்த ஞாயிற்றுக்கிழமை மாபெரும் முகாம்கள்தான் ஊசியை அவர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தன.

ரணஜன்னி ஊசியைப் புகழ்ந்தே முடித்துவிடவும் முடியாது. தாய்க்கும் சிசுவுக்குமான ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது பெரிய சாதனை. ஆனால் அந்த ஊசியின் முதல் குறி தொப்புள்கொடி அறுபடும் சிசு. தாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு கூட வருவது. பள்ளியில் 16 வயதில் போட்டபின், ஒரு பெண்ணை அரசு இந்த ஊசிக்காகத் தேடி வருவது அவள் கருவுற்றால் மட்டுமே. பிள்ளைப்பேறு முடிந்த நாற்பது வயதுக்காரி அரிவாளோடு கதிர் அறுக்கப் போகிறாள். காலில் வெட்டுப்பட்டால் அவளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்த சோதனை எச்.பி.வி. தடுப்பூசி. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் இது, பெண்ணை அவளுக்காகவே கணக்கில் எடுக்கிறது. இலங்கை 2017-லேயே ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியில் போடத் தொடங்கியது. தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. பள்ளி வழியாக ஊசி போட்டால், பதிவேடு என்பது பள்ளி வருகைப் பதிவேடு. அரியக்குடியிலோ காரைக்குடியிலோ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணின் பெயர் அதில் இராது. அங்கன்வாடிப் பணியாளருக்கும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலருக்கும் அவளைத் தெரியும். அப்படிப்பட்ட பெண்களின் பட்டியலை எடுக்கும் வேலையை அவர்கள் கையில் கொடுத்தால் நன்றாக இருக்கும்.