போலீஸ் காரின் கண்ணாடியும் ஒரு பாட்டும்

ஒரு சினிமாவில் காமிரா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். 1988 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்த ‘கலர்ஸ்’ படத்தில் அது போலீஸ் காருக்குள் உட்கார்ந்திருக்கிறது. டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய படம். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசின் ‘க்ராஷ்’ என்ற தெருக்கும்பல் ஒழிப்புப் பிரிவில் ராபர்ட் டுவாலும் சான் பென்னும் இரண்டு வெள்ளைப் போலீஸ்காரர்கள். ஒருத்தர் அனுபவசாலி, இன்னொருத்தன் அடாவடி. இரண்டு மணி நேரமும் அவர்களுடைய சண்டை, அவர்களுடைய சமாதானம், அவர்களுடைய மனசாட்சி. கறுப்பு இளைஞர்களும் மெக்சிகோ வழிவந்த இளைஞர்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், சாகிறார்கள். நம் இலக்கணத்தில் சொன்னால் படம் முழுக்க அவர்கள் படர்க்கை.

இந்தப் படத்தையொட்டி வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. நான் பிறக்குமுன் வந்த இசைத்தட்டு அது. பத்துப் பாட்டு, பெரும்பாலும் ராப். (படத்துக்குப் பின்னணி இசை ஹெர்பி ஹான்காக். அது வேறு கதை.) தலைப்புப் பாட்டைப் பாடியவர் ஐஸ்-டி. இயற்பெயர் ட்ரேசி மாரோ. சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு உறவினர் வீட்டுக்கு வந்து, க்ரென்ஷா உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். ஐஸ்பெர்க் ஸ்லிம் என்ற கறுப்பு எழுத்தாளரின் பக்கங்களை மனப்பாடமாய்ச் சொல்லித் திரிந்ததால் வந்த பேர்தான் ஐஸ்-டி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் தெருவுக்கும் நடுவிலே சுவர் இல்லாத இடம் அது.

பாட்டு தன்மை ஒருமையில் நடக்கிறது. கும்பலில் இருக்கிறவனே பேசுகிறான். மிரட்டுறான், வருத்தமே இல்லைங்கிறான். அப்புறம் தம்பி செத்ததைச் சொல்றான், தாய் போதையில் கிடப்பதைச் சொல்றான். எனக்கு என்னத்த விட்டு வச்சீங்கன்னு கேக்குறான். உன்னைப் புரிந்துகொண்டேன் என்று கிட்டே வருகிறவனை எள்ளி நகையாடுகிறான். ஆய்வாளர், பாதிரியார், சினிமாக்காரர் எல்லாருக்கும் அந்த அடி விழுகிறது. நம்மைப் போன்ற இயக்கக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். படம் கண்ணாடி வழியாகப் பார்த்தவன், கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகப் பேசியது இந்தப் பாட்டில்தான்.

ஆனால் பாட்டும் சொல்லாத ஒரு வரலாறு உண்டு. நீலம் கிரிப்ஸ், சிவப்பு பிளட்ஸ் என்று இரண்டு நிறங்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஸ்லாசன் என்ற தெருக்கும்பலின் தலைவராக இருந்த பன்ச்சி கார்ட்டர்தான் தென் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியைக் கட்டியவர். கும்பலை அரசியலாக மாற்ற முடியும் என்று காட்டிய மனிதர். 1969 ஜனவரி 17 அன்று பல்கலைக்கழக வளாகத்தில் ஜான் ஹக்கின்ஸோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது இன்னொரு கறுப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள். இரண்டுக்கும் இடையிலே பகையை ஊதிவிட்டது மத்திய உளவுப்போலீசான எஃப்.பி.ஐ. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று சென்ட்ரல் அவென்யூவில் இருந்த கட்சி அலுவலகத்தை நூற்றுக்கணக்கான போலீசார் சூழ்ந்து சுட்டார்கள். கட்சி சிதைந்த அந்த வெற்றிடத்தில், 1970ஐ ஒட்டித்தான் கிரிப்ஸ் தலையெடுத்தது. பின்னாலே ஆலைகளும் போயின. சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடியது, ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. வேலை போன தெருவுக்குள் கிராக் கொக்கைன் வந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் என்று பேர் வைத்துக்கொண்டது இந்தச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். எனவே இதை எங்கோ நடந்த கதை என்று நம்மால் தள்ளிவிட முடியாது.

படம் ஓடிய அதே ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ‘ஆபரேஷன் ஹேமர்’ என்று ஒரு வேட்டை நடத்தியது. ஒரே வார இறுதியில் ஆயிரம் போலீசார், 1,453 கைது. ஆகஸ்ட் 1 அன்று டால்டன் அவென்யூவில் குடியிருப்புகளுக்குள் புகுந்து கழிப்பறைத் தொட்டி வரைக்கும் உடைத்து நொறுக்கினார்கள். கிடைத்ததோ கொஞ்சம் கஞ்சா, கொஞ்சம் கொக்கைன். வெள்ளம், பூகம்பத்துக்கு வருகிற செஞ்சிலுவைச் சங்கம் அந்தக் குடும்பங்களுக்கு உதவ வந்தது. 1992 மே மாதம் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி 21 முதல் 24 வயதுள்ள கறுப்பு ஆண்களில் 47 சதவீதம் பேர் போலீசின் கும்பல் பட்டியலில் இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர்! படம் பார்த்த வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்கு இந்தப் பட்டியல் நியாயமாகத்தானே தோன்றியிருக்கும்?

தொகுப்பின் மற்றப் பாட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். படம் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றியது. குரல்களோ பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து வாங்கியவை. பிக் டாடி கேன், ராகிம், கூல் ஜி ராப், எம்.சி. ஷான், ரோக்ஸான் ஷான்டே, சால்ட்-என்-பெப்பா, ஆக ஆறு பாட்டு அங்கிருந்து. கம்பெனிக்குக் கறுப்புக் குரல் என்றால் எல்லாம் ஒண்ணுதான் போலிருக்குது. ஆனாலும் பாட்டுகள் மட்டமில்லை. 14 வயதில் குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பிலிருந்து கிளம்பி ஆண்களை வாயடைக்க வைத்தவர் ஷான்டே. படத்தில் பெண்ணுக்கு வேலை காதலியாக இருப்பது. தொகுப்பிலோ பெண்கள் எதிர்த்துப் பேசுகிறார்கள்.

தொகுப்பு 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கத்தட்டு வாங்கியது. தெருவின் ‘நான்’ விலைபோகும் என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது. ஆனால் எந்த ‘நான்’? 1988இல் கறுப்பு இளைஞன் இன்னொரு கறுப்பு இளைஞனைக் கொல்லுவேன் என்று பாடினான். வார்னர் விற்றது. ஸ்டாக்டனில் இந்தப் படம் ஓடிய தியேட்டருக்கு வெளியே ஓர் இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்காகப் படத்தையும் நிறுத்தவில்லை, தட்டையும் திரும்பப் பெறவில்லை.

நான்கு வருஷம் கழித்து, அதே ஐஸ்-டி தன் ‘பாடி கவுன்ட்’ குழுவோடு ‘காப் கில்லர்’ பாடினார். அதே வார்னர்தான் வெளியிட்டது. துப்பாக்கி இந்தத் தடவை போலீசைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டெக்சாஸ் போலீஸ் சங்கம் டைம் வார்னரைப் புறக்கணிக்கச் சொன்னது. துணை ஜனாதிபதி டான் குவேல் கண்டித்தார். பங்குதாரர் கூட்டத்தில் கூச்சல். 1992 ஜூலையில் ஐஸ்-டி பாட்டைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். 1993இல் கம்பெனியோடு உறவும் முறிந்தது. பாட்டில் பேசியவன் கற்பனைப் பாத்திரம் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ‘கலர்ஸ்’ பாட்டில் பேசியவனும் பாத்திரம்தான். அப்போது யாருக்கும் அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

இடையில் 1991இல் ‘நியூ ஜாக் சிட்டி’ படத்தில் ஐஸ்-டி போலீஸாக நடித்திருந்தார். 2000லிருந்து ‘லா அண்ட் ஆர்டர்’ தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் துப்பறியும் போலீஸ் அதிகாரி வேஷம். கால் நூற்றாண்டாகிவிட்டது. காமிரா இன்னும் போலீஸ் காரிலேயே இருக்கிறது, அவரையும் உள்ளே ஏற்றிக்கொண்டு.